ஊர்க் கழிநீரும் ஊராட்சிக் கடமையும்: திருப்புலி நாடு முதலாகச் சில வரலாற்றுக் குறிப்புகள்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் வல்வில் ஓரியும், கொல்லிப்பாவையும், அறப்பளீசுவரர் திருக்கோயிலும் எழுந்து நிற்கக் காணலாம். வன்பரணர் பாடிய மலை அது. காரியும் சேரனும் கொள்ள விழைந்த மலையும் அதுவே. அம்மலையின் ஊர்களில் மழைநீரும் கழிநீரும் எவ்வழியே செல்கின்றன, அவ்வழியைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் வினா இலக்கிய மலர்களில் இடம்பெறுவது அரிது. ஆயினும் ஊர் என்னும் அமைப்பு தோன்றிய நாள் முதலாக அவ்வினாவும் உடன் இருந்து வருகிறது. அதற்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடையை நோக்கினால், அக்காலம் தன் மக்களுள் யாரை மதித்தது, யாரை மறந்தது என்பதும் புலனாகும்.

நாடு என்னும் பெயர்

கொல்லிமலையின் ஊராட்சிகள் இன்றும் 'நாடு' என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு என விரியும் வரிசையில் திருப்புலி நாடும் ஒன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் பல ஊர்கள் சேர்ந்த பகுதி நாடு எனப்பட்டது. அதன் பொதுக் காரியங்களை நடத்தியோர் நாட்டார் எனப்பட்டனர். சமவெளியில் அப்பெயர் பெரும்பாலும் கல்வெட்டோடும் ஊர்ப்பெயர்களோடும் நின்றுவிட்டது. மலையிலோ அது ஊராட்சியின் பெயராகவே நிலைபெற்றுள்ளது. பழைய நாடு சிற்றூர்களின் கூட்டம். இன்றைய ஊராட்சியும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்களின் கூட்டமே. இவை செம்மேட்டைத் தலைமையிடமாகக் கொண்ட கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. 1997 சனவரி 1 அன்று நாமக்கல் மாவட்டம் உருவாகும் வரையில் இவை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தன.

இவ்வூர்களின் அமைப்பு வடிகால் பற்றிய பொதுவான எண்ணத்திற்கு மாறானது. சமவெளி ஊர்களில் நீர் தேங்கும், கொசு பெருகும், தெருவோர வாய்க்காலை வெட்டி நீரை ஊர்ப்புறத்திற்குக் கொண்டு செல்வதே அங்குத் தீர்வு. மலைச்சரிவில் நீர் நிற்பதில்லை. மேலூரின் முற்றத்தில் கழித்த நீர் கீழுள்ள வயலையோ, சுனையையோ, ஓடையையோ சென்று சேரும். கொல்லிமலையின் ஓடைகள் பல கூடி ஐயாறாகி, ஆகாய கங்கை அருவியாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே திருச்சி மாவட்டத்துச் சமவெளியில் இறங்குகின்றன. ஆதலின் மலையின் கழிநீர் மலைக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. மேலே இருப்போர் கடமை தவறினால் அதன் விளைவைக் கீழே இருப்போர் பருக நேரும்.

சொல்லும் சான்றும்

கழிநீர் செல்லும் வழியைக் குறிக்கத் தமிழில் பழஞ்சொற்கள் பல உள்ளன. தூம்பு, மடை, வடிகால் என்பன உழவோடும் நீர்ப்பாசனத்தோடும் தொடர்புடையவை. அங்கணம் என்பது வீட்டுப்புறத்துத் தூய்மையற்ற இடத்தைக் குறிப்பது. திருவள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அதனை உவமையாக ஆண்டுள்ளார். சுருங்கை என்பது நிலத்தடி வழியைக் குறிக்கும் சொல். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் நகர் பற்றிக் கூறுமிடத்து அச்சொல்லை வழங்குகின்றன. இலக்கியம் காட்டும் இந்நகர வாழ்விற்கு மண்ணுக்கடியிலிருந்தும் சான்றுகள் கிடைத்துள்ளன. கீழடி அகழாய்வில் செங்கல் வடிகால்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. 2019இல் நிகழ்ந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில் சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டன. அவற்றினும் தொன்மையான மொகஞ்சதாரோவில் தெருவோரமாகச் செங்கல்லால் மூடிய வடிகால்கள் அமைந்திருந்தமை உலகறிந்த செய்தி.

செங்கல் அமைப்பைக் காட்டும். பொறுப்பைக் காட்டுவன எழுத்துச் சான்றுகளே. முதலாம் பராந்தகனின் காலத்தைச் சேர்ந்த கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபை குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்த வகையை விரிவாகக் கூறுகின்றன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்பன அவற்றுள் குறிக்கப்படுகின்றன. ஏரியைக் காக்க வாரியம் இருந்தது. பொன்னை ஆராய வாரியம் இருந்தது. கழிநீருக்கும் துப்புரவுக்கும் எனத் தனி வாரியம் அவ்வரிசையில் இல்லை.

முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதற்குத் துணையான மற்றொரு செய்தியைத் தருகின்றன. ஊர்களின் நிலத்தை அளந்து வரியிட்ட காலத்தில் வரி நீக்கிய பொது இடங்களாக ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாளச்சேரியும் பறைச்சேரியும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. நீர் செல்லும் வழி ஊரின் பொதுவுடைமையாகக் கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும். ஊர்நத்தம் வேறு, சேரி வேறு எனப் பிரித்து எழுதிய மனப்பான்மையும் உடன் விளங்கும். ஊரின் கழிவை அகற்றும் பணி ஒரு சபையின் கடமையாக எழுதப்படாமல், சில குடிகளின் பிறப்பின்மேல் சுமத்தப்பட்ட நெடிய வரலாற்றை இப்பிரிவினையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

சட்டமாகிய கடமை

கழிநீரை அகற்றுவது உள்ளாட்சியின் சட்டக் கடமை என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. அங்கு எட்வின் சாட்விக் 1842இல் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை குறித்து அறிக்கை அளித்தார். 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. 1854இல் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், இலண்டனின் ஒரு தெருக்குழாயின் நீரே அப்பகுதியில் வாந்திபேதியைப் பரப்பியது என்பதைக் காட்டினார். ஆயினும் 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தின் சன்னல்களை எட்டிய பின்னரே மாநகரின் பெருஞ்சாக்கடைத் திட்டத்திற்கு வழி பிறந்தது. ஏழையர் தெருவின் நாற்றம் ஆள்வோரின் அவையை எட்டும்போதுதான் பணம் கிடைக்கும் என்னும் பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

அக்கருத்து தமிழகத்திற்கும் வந்தது. சென்னையில் 1688இலேயே மாநகராட்சி தோன்றியிருந்தபோதும், சுகாதாரம் அரசின் கவனத்திற்கு உரியதாகியது 1864இல் சென்னை மாகாணச் சுகாதார ஆணையம் அமைந்த பின்னரே எனலாம். படைவீரர்களிடையே நோயால் நேர்ந்த சாவுகளே அவ்வாணையத்திற்குக் காரணமாயின. அதன்பின் 1865, 1871ஆம் ஆண்டுகளின் நகர மேம்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் உள்ளாட்சிக்கு வழி திறந்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டங்கள் மாவட்டக் கழகம், வட்டக் கழகம், யூனியன் என்னும் அடுக்குகளை அமைத்தன. தெருவிளக்கும் துப்புரவும் சிற்றூர் யூனியன்களின் பணிகளாயின. பின்னர் 1920இல் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும், 1950இலும் 1958இலும் விடுதலை பெற்ற நாட்டின் பஞ்சாயத்துச் சட்டங்களும் இயற்றப்பட்டன. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியில் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. திருப்புலி நாட்டின் வடிகாலுக்கு இன்று பொறுப்பு வகுப்பது இச்சட்டமே.

இரு சிறு தொடர்கள்

இச்சட்டத்தின் 110ஆம் பிரிவு கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. சாலைகளை அமைத்தல், விளக்கிடுதல், வடிகால்களைக் கட்டுதல், தெருக்களைத் துப்புரவு செய்தல், குப்பை மேடுகளை அகற்றுதல், பாழ்கிணறுகளைத் தூர்த்தல், பொதுக் கழிப்பிடங்களை அமைத்தல், இடுகாடு சுடுகாடுகளைப் பேணுதல், குடிநீர் தருதல் என அவ்வரிசை செல்கிறது. சப்பாத்திக்கள்ளியை வெட்டியெறிதலும் அதில் ஒரு கடமையாகக் குறிக்கப்பட்டுள்ளது. 1920களில் பூச்சியை ஏவிப் பெருமளவு அழிக்கப்பட்ட கள்ளி 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தழைத்து நிற்பது, பழைய சட்டங்களின் சொற்கள் எத்துணைத் தூரம் கைமாறி வந்துள்ளன என்பதற்குச் சான்றாகும்.

அவ்வாறு கைமாறி வந்த சொற்களுள் இரு சிறு தொடர்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கன. ஒன்று, இக்கடமைகள் யாவும் ஊராட்சியின் 'நிதியின் எல்லைக்குள்' செய்யப்பட வேண்டும் என்பது. மற்றொன்று, வடிகால் பற்றிய உட்பிரிவில் வருவது. வடிகால்களைக் கட்டுதலும், வடிகால் நீரையும் புழக்கடைக் கழிநீரையும் அகற்றுதலும் ஊராட்சியின் கடமை என்று கூறிய சட்டம், 'மலக்கழிவுநீர் நீங்கலாக' என்று அதனை முடிக்கிறது. பாத்திரம் கழுவிய நீருக்கு ஊராட்சி பொறுப்பாகும். குளித்த நீருக்கும் பொறுப்பாகும். கழிப்பறை நீரைக் கொண்டுசெல்லும் கடமை அவ்வுட்பிரிவில் இல்லை. கடமையை விதிக்கும் வாக்கியத்திலேயே கடமையிலிருந்து வெளியேறும் வாயில்கள் இரண்டு திறந்து கிடக்கின்றன.

நிதி என்னும் வாயில்

முதல் வாயிலைப் பற்றிய வழக்கு ஒன்று நாட்டின் சட்ட வரலாற்றில் நிலைபெற்றுள்ளது. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில் ஒரு வட்டாரத்து மக்கள் திறந்த சாக்கடையாலும், அருகிருந்த சாராய ஆலையின் கழிவாலும், கழிப்பறை வசதியற்ற ஏழையரின் நிலையாலும் பெருந்துன்பம் உற்றனர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்கீழ், பொதுத் தொல்லையை நீக்க வேண்டி அவர்கள் உட்கோட்ட நடுவரை அணுகினர். நடுவர் நகராட்சிக்கு ஆணையிட்டார். அமர்வு நீதிமன்றம் அதனைத் தள்ளியது. உயர்நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. நகராட்சியோ, வடிகால் கட்டப் பணமில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1980 சூலையில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரும் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டியும் அமர்ந்த ஆயம் அம்முறையீட்டை ஏற்கவில்லை. பொதுச் சுகாதாரத்தைக் காக்கவே அமைந்த ஒரு மன்றம், பணமில்லை என்று கூறி அக்கடமையை விட்டு ஓட இயலாது என்பது கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் சாரமாகும். வடிகால் இல்லாமை மனித மாண்பைப் பற்றிய சிக்கல் என்பதையும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. சாதாரணக் குடிமக்கள் தம் தெருச் சாக்கடைக்காக வழக்காடி வென்ற இந்நிகழ்ச்சி, சட்டக் கல்லூரிகளில் மட்டுமன்றி ஊராட்சி மன்றங்களிலும் அறியப்பட வேண்டிய ஒன்று. 133ஆம் பிரிவின் இடத்தில் 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு நடப்பில் உள்ளது. ஆதலின் ரத்லம் மக்கள் சென்ற வழி இன்றும் அடைபடவில்லை.

நிதி பற்றிய முறையீடு முற்றும் பொய் எனவும் கூறுதல் ஆகாது. சிற்றூர்கள் சிதறிய ஒரு மலை ஊராட்சிக்கு வீட்டுவரி வருவாய் சிறிது. மானியமே அதன் உயிர்நாடி. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்கு, உள்ளாட்சி மானியத்தில் 30 விழுக்காட்டைத் துப்புரவிற்கும் 30 விழுக்காட்டைக் குடிநீர் முதலியவற்றிற்கும் எனக் கட்டி வைத்தது. பணம் இருந்தும் வேறு வழியில் சென்றுவிடாதிருக்க இட்ட வரம்பு இது. இதனால் முதல் வாயில் சற்றே குறுகியது எனலாம்.

மலக்கழிவு என்னும் வாயில்

இரண்டாம் வாயில் இன்னும் துயர் மிக்கது. மலக்கழிவுநீரைச் சட்டம் ஏன் நீக்கியது? வடிகால் பற்றிய உட்பிரிவைத் தனியே படித்தால் விடை தோன்றாது. அதே 110ஆம் பிரிவில், பொதுக் கழிப்பிடங்களையும் தனியார் கழிப்பிடங்களையும் துப்புரவு செய்ய ஏற்பாடு செய்தலும் ஊராட்சியின் கடமையாகக் கூறப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் பழைய சட்டங்களின் உட்கிடை புலப்படும். கழிநீர் வாய்க்காலில் செல்லும். மலம் ஒருவர் கையால் அள்ளப்பட்டு, கூடையிலோ வண்டியிலோ செல்லும். வாய்க்காலில் மலம் கலக்க வேண்டுவதில்லை. அதனைச் சுமக்க மனிதர் இருக்கிறார். சட்டம் அவரைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. எனினும் அவர் இருப்பார் என்னும் நம்பிக்கையின்மேல்தான் அத்தொடர் எழுதப்பட்டது எனக் கருத இடமுண்டு.

அந்நம்பிக்கை இன்று சட்டத்திற்கு மாறானது. 1993ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் விரிவான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் கையால் மலம் அள்ளச் செய்வதைக் குற்றமாக்கின. 1993 முதல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி உயிர்நீத்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. தொகை உயர வேண்டி வந்தது என்பதே, இறப்புகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று. சுமந்த மனிதரைச் சட்டம் விடுவித்துவிட்டது. அவர் சுமந்த பொருளை யார் ஏற்பது என்பதைச் சிற்றூர்களைப் பொறுத்தவரை அதே தெளிவோடு எழுதவில்லை.

மாநகருக்கு விடை ஒருவாறு கிடைத்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையின் குடிநீரும் கழிநீரும் தனி வாரியத்தின் பொறுப்பாயின; மழைநீர் வடிகால் மாநகராட்சியிடமே நின்றது. ஒரே தெருவின் இரு குழாய்களுக்கு இரு தலைவர்கள் என்னும் குறை அதில் உண்டாயினும், வினவினால் விடை கூற ஓர் அலுவலகமாவது உண்டு. பிற நகரங்களை நோக்கித் தமிழக அரசு 2014இல் மலக்கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஊர்தி கொண்டு கசடை உறிஞ்சிச் சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டு செல்லுதல் அம்முறையின் அடிப்படை. அம்முறையை மலைக்கு விரித்தால், சமவெளியின் நிலையத்தை அடைய அவ்வூர்தி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும்.

மலையின் வினா

இவ்வினா திருப்புலி நாடு போன்ற ஊராட்சிகளுக்கு இப்பொழுது கூர்மையாகியிருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தால் வீடுதோறும் கழிப்பறை என்னும் நிலையை நோக்கி ஊர்கள் நகர்ந்தன. 2019 ஆகத்து 15 அன்று அறிவிக்கப்பட்ட சல் சீவன் இயக்கம், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய்நீர் என்பதை இலக்காகக் கொண்டது. வீட்டிற்குள் வந்த நீரில் மூன்றில் இரண்டு பங்கேனும் கழிநீராக வெளியேறும் என்பது பொறியாளர் கணக்கு. சுனையிலிருந்து குடத்தில் நீர் சுமந்த காலத்தில் முற்றத்துக் கழிநீர் ஒரு வாழைக்கும் இரண்டு செடிக்கும் போதாததாக இருந்தது. குழாய் வந்தபின் அது வழி தேடும். குழாயைக் கொணர்ந்த திட்டத்தோடு வடிகாலும் உடன் வரவில்லையெனில், பெண்களின் தலைச்சுமை நீங்கிய மகிழ்ச்சி கீழ்வயல்காரரின் மனக்குறையாக மாறும்.

இதற்குப் பெருஞ்சாக்கடை விடையன்று. சிதறிய சிற்றூர்களை ஒரே குழாயால் பிணைப்பது செலவாலும் நில அமைப்பாலும் பொருந்தாது. குளித்த நீருக்கு உறிஞ்சுகுழியும் தோட்டமும், கழிப்பறைக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரட்டைக் குழியும் சிற்றூர்க்கு ஏற்றவை என வல்லுநர் கூறுவர். ஒரு குழி நிறைந்தபின் அதனை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தினால், மூடிய குழியிலுள்ளது ஓரிரு ஆண்டுகளில் மட்கி எருவாகும். மலத்தைக் கையால் அள்ள நேராது. ஆயினும் இம்முறையும் தானே இயங்குவதன்று. குழி சுனைக்கு மேற்புறம் அமைந்தால் மழைக்காலத்தில் அதன் கசிவு சுனைநீரில் கலக்கும். பாறை மேலெழுந்த இடத்தில் குழி உறிஞ்சாது. ஆகவே எந்த வீட்டுக் குழி எங்கே அமையலாம், எந்தச் சுனைக்கு எத்துணை இடைவெளி வேண்டும், விழாக் காலத்தில் மலைக்கு வருவோரின் கழிப்பிடக் கழிவு எங்கே செல்லும் என்பவற்றை ஆராய்ந்து முடிவு செய்யும் ஓர் அவை வேண்டும். சட்டத்தின் உட்பிரிவு 'நீங்கலாக' என்று கூறினும், மலைச்சரிவின் நீரோட்டம் எதனையும் நீக்குவதில்லை.

அவ்வவை எது? தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றமும் கிராம சபையுமே என்று 73ஆம் திருத்தம் கூறும். நடைமுறையில் அதற்கும் இடைவெளிகள் நேர்ந்துள்ளன. 2016 இறுதி முதல் 2019 இறுதி வரை தமிழக ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தன. 2019 திசம்பரில் நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2025 சனவரியில் முடிவடைய, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். மன்றம் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் ஆகியவற்றோடு, 2022 முதல் மார்ச்சு 22ஆம் நாளாகிய உலகத் தண்ணீர் நாளிலும் நவம்பர் 1ஆம் நாளாகிய உள்ளாட்சி நாளிலும் அது கூடுகிறது.

உத்தரமேரூர்ச் சபை ஏரிக்கு ஒரு வாரியத்தைக் கண்டது. ஏரி வற்றினால் ஊர் அழியும் என்பதை அது அறிந்திருந்தது. கழிநீருக்கு வாரியம் காணவில்லை. அதனைச் சுமக்கச் சிலர் இருந்தனர். இன்று அவ்வாறு சுமக்க ஒருவரையும் ஏவலாகாது என்பது சட்டம். ஆதலின் அச்சுமை ஊரார் அனைவருக்கும் உரியதாகிவிட்டது. பழைய நாட்டாரின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கும் திருப்புலி நாடு போன்ற ஊராட்சிகளின் கிராம சபைகள், தண்ணீர் நாளில் கூடும்பொழுது வரும் நீரைக் கேட்பதோடு போகும் நீரையும் கேட்குமாயின், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதாது விட்ட வாரியத்தை எழுதியவை ஆகும்.